749 ரூபாய் ஓபிடி ஸ்கேனர்: ஹீட் ஆகும் காரில் 4 மாதம் பயன்படுத்திய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஓபிடி ஸ்கேனர் என்ற, வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து அளவுகளைப் படிக்கும் இந்தச் சின்ன நீல டப்பா வண்டியை ரிப்பேர் செய்யாது. எஞ்சின் தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று போனில் எண்ணாகக் காட்டும், அவ்வளவுதான். அந்த ஓர் எண் கையில் இல்லாமல்தான் நான் ஆறு மாதம் இரண்டு ஒர்க்ஷாப்புக்கு அலைந்தேன், மாற்றத் தேவையில்லாத சென்சாரை மாற்றினேன், கடைசியில் "ஹெட்டை இறக்கிப் பார்க்கணும், 25,000 வரும்" என்று (ஹெட் என்பது எஞ்சினின் மேல்மூடி) ஒருவர் சொல்லும் இடம்வரை வந்து நின்றேன்.

வண்டி 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், நான் மூன்றாவது கை, வாங்கும்போது 92,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பிரச்சினை இதுதான். பைபாஸில் போகும்போது ஒன்றும் இல்லை, டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவில் அசையாமல் நிற்கும். சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் மாலை நேரம் ஏசி போட்டுக்கொண்டு மாட்டிக்கொண்டாலோ, ஏற்காடு ஏறும்போது பத்துப் பன்னிரண்டு வளைவு தாண்டினாலோ முள் திடீரென்று மேலே கிளம்பும். ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் இறங்கிவிடும். செக் எஞ்சின் விளக்கு ஒரு தடவைகூட எரிந்ததில்லை.

முதல் மெக்கானிக் டெம்பரேச்சர் சென்சார் என்றார். மாற்றினேன், மாற்றம் இல்லை. இரண்டாமவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை. அன்று இரவுதான் இதை ஆன்லைனில் ஆர்டர் போட்டேன்.

சாதனத்தைப் பற்றி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருக வேண்டும், அது ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்காலுக்கு மேல்தான் இருக்கும். இந்தியாவில் 2010 ஏப்ரலில் ஓபிடியின் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் ஓபிடி 2-ம் கட்டாயமாகிவிட்டன, ஆகவே அதற்குப் பின் வந்த கார் என்றால் பயப்படாமல் வாங்கலாம். உள்ளே இருப்பது, வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனுக்குப் புரியும்படி மாற்றும் இஎல்எம் 327 சிப்பின் நகல். அசல் சிப்பைச் செய்தது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ், அவர்களுடைய முதல் பதிப்புக்கு நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாததால் உலகமெங்கும் நகல்கள் வந்துவிட்டன. பெட்டியில் 1.5 என்றோ 2.1 என்றோ போட்டிருப்பார்கள், அந்த எண்ணை நம்பி அதிகக் காசு கொடுக்காதீர்கள். ப்ளூடூத்தில் இணைக்க 1234, அது வேலை செய்யாவிட்டால் 0000. ஐபோன் வைத்திருப்பவர்கள் இந்தப் பழைய ப்ளூடூத் வகையை வாங்கவே வேண்டாம், சேராது. ப்ளூடூத் 4.0 என்று போட்டதோ வைஃபை வகையோ பார்த்து வாங்குங்கள். ஆப் ஏதாவது ஒன்று போதும், நான் கார் ஸ்கேனர் பயன்படுத்துகிறேன், டார்க் (Torque) ஆப்பும் நன்றாகவே ஓடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் செருகியதும் பிழைக் குறியீடு தேடினேன். ஒன்றும் இல்லை. "பிழை எதுவும் இல்லை" என்று பச்சையாக வந்ததைப் பார்த்து எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. இதோடு மூடி வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம், இதனால்தான் இந்தச் சாதனத்துக்குக் கெட்ட பெயரும் வருகிறது. குறியீடு வருவதற்குப் பெரும்பாலும் ஏதாவது ஒயர் கழன்றிருக்க வேண்டும், அல்லது சென்சார் நடக்கவே முடியாத அளவைச் சொல்ல வேண்டும். ரேடியேட்டர் அடைத்துக்கொண்டால் அதற்கென்று ஒரு குறியீடு கிடையாது. நீங்கள் பார்க்க வேண்டியது ஓடும்போது வரும் நேரடி அளவுகளை, அதிலும் இரண்டே இரண்டை: கூலன்ட் (எஞ்சின் தண்ணீர்) வெப்பம், உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பம்.

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், சாவியை ஆன் மட்டும் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இரண்டையும் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் தண்ணீரும் காற்றும் ஒரே சூட்டில்தான் இருக்க வேண்டும். எனக்குக் கூலன்ட் 27, காற்று 28. ஆக குளிர்ந்த நிலையில் சென்சார் சொல்வது சரி, அதை மாற்றியது வீண். உங்களுக்குக் காற்று 28 காட்டும்போது கூலன்ட் 45 என்று காட்டினால் அப்போது சென்சாரைச் சந்தேகப்படுங்கள். மைனஸ் 40 என்று காட்டினால் பெரும்பாலும் ஒயர் கழன்றிருக்கிறது, ஏனென்றால் வண்டியின் கம்ப்யூட்டர் அனுப்பும் எண்ணிலிருந்து 40-ஐக் கழித்துத்தான் டிகிரி கணக்கு வருகிறது, கீழ்க்கோடி மைனஸ் 40, மேல்கோடி 215. சென்சார் என்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சின்னப் பொருள்தான், ஒயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் போய்விடும், கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் ஸ்டார்ட் செய்து, போனை டேஷ்போர்டு ஸ்டாண்டில் வைத்து, ஓமலூர் பக்கம் நாலு வழிச்சாலையில் போனேன். இங்கேதான் எனக்கு முதல் ஆச்சரியம். நல்ல வண்டியில் எண் சீராக ஏறி 80-ஐத் தாண்டும், எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கும் இடத்தில் (வண்டிக்கு வண்டி 82 அல்லது 88) ஒரு நாலைந்து டிகிரி சறுக்கி, மறுபடி ஏறி நிலைக்கும். என் வண்டி 20 நிமிடம் ஓடியும் 70-ஐத் தாண்டவில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் 68, 71, 69 என்று அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. ஹீட் ஆகிறது என்று நான் அலைந்த வண்டி பாதி நேரம் சூடே ஆகாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது! முள்ளோ, இதெல்லாம் நடக்கும்போது நடுவுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது, யாரும் கவனிக்க மாட்டார்கள்.

திரும்பி ஊருக்குள் வந்து சிக்னலில் நின்றேன். 84, 90, 96. 96-ல் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. ஃபேன் ஓடினால் எண் இறங்க வேண்டும், 90, 91-க்கு வந்து ஃபேன் நிற்க வேண்டும். இங்கே ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது, எண் 99, 102, 104. முள் அப்போதும் நடுவிலேயே நிற்கிறது. 107 வந்த பிறகுதான் அது கிளம்பியது.

இந்த முள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்டதற்கே 749 ரூபாய் தகும். இப்போதைய கார்களில் பெரும்பாலானவற்றின் முள் உண்மையான சூட்டைக் காட்டுவதில்லை. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் முள் ஆடினால் ஓட்டுபவர் பயந்து சர்வீஸுக்கு ஓடிவருகிறார் என்று, ஒரு பெரிய இடைவெளி முழுவதற்கும் முள்ளை நடுவில் நிறுத்திவைக்கும்படி செய்துவிட்டார்கள். என் வண்டியில் அந்த இடைவெளி சுமார் 76 முதல் 106 வரை. முப்பது டிகிரி! முள் நகரும்போது உங்களிடம் மிச்சம் இருப்பது ஓரிரு நிமிடம்தான். சில வண்டிகளில் முள்ளே இல்லை, நீல விளக்கு, சிவப்பு விளக்கு மட்டும். அந்த வண்டிக்காரர்களுக்கு இது இன்னும் அவசியம்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு கதை உண்டு. நண்பரின் 2010 மாடல் காரில் இரவில் மட்டும் முள் சிவப்பைத் தொடும். இந்த ஸ்கேனரைச் செருகிப் பார்த்தோம், எண் மெதுவாகத்தான் மாறியது, ஆனால் வந்தது. முள் சிவப்பில் இருக்கும்போது கம்ப்யூட்டர் சொன்னது 91. ஹெட்லைட்டை அணைத்தால் முள் இறங்குகிறது, போட்டால் ஏறுகிறது. சூடே இல்லை, எர்த் கோளாறு. அந்த மாதிரி வண்டிகளில் முள்ளுக்குத் தனி சென்சார், கம்ப்யூட்டருக்குத் தனி சென்சார், அதனால்தான் இரண்டும் இரண்டு கதை சொல்லின. பாடியில் எர்த் ஒயர் முறுக்கியிருந்த இடம் பச்சையாகப் பூத்திருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினோம், செலவு ஒன்றும் இல்லை. அவரும் சென்சார் மாற்றத் தயாராக இருந்தவர்தான்.

என் வண்டிக்கு வருகிறேன். பைபாஸில் 70-ஐத் தாண்டாதது ஒரு கோளாறு, சிக்னலில் 104-க்குப் போவது வேறொரு கோளாறு. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: முதலாவதற்குத் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. இரண்டாவதற்கு ஃபேன் காற்று போதவில்லை, அல்லது ரேடியேட்டர் அடைப்பு, அல்லது வாட்டர் பம்ப். இதற்குமேல் எண் சொல்லாது. கை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நாமக்கல்லில் லாரி ரேடியேட்டர் வேலை செய்யும் ஒரு கடைக்குப் போனேன். முப்பது வருடத்துக்கு மேல் இதே வேலை பார்ப்பவர், கார்கள் அவரிடம் அதிகம் வருவதில்லை. போனில் பதிவாகியிருந்த வெப்ப வரைகோட்டைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த 70-ஐயும் 104-ஐயும் பார்த்தவர், வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, சூடு ஏறியதும் அணைக்கச் சொல்லி, ஃபேன் இல்லாத பக்கமாக ரேடியேட்டர் முகத்தில் உள்ளங்கையை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார். நடுவில் கொஞ்சம் தாண்டியதும் நிறுத்தினார். "தம்பி, இங்க கைய வச்சுப் பாருங்க." வைத்தேன். மேலே கை வைக்க முடியாத சூடு, ஒரு சாண் கீழே சும்மா வெதுவெதுப்பு. அந்தப் பகுதியில் தண்ணீரே ஓடவில்லை. "தண்ணி எங்க ஊத்துனீங்க, போர் தண்ணியா?" என்றார். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஊற்றியிருக்க வேண்டும் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

ஹெட் கேஸ்கெட் பற்றிக் கேட்டேன். ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் திரவம் ஊற்றி, ரேடியேட்டர் வாயில் பொருத்தி, வண்டியை ஓடவிட்டு அங்கிருக்கும் காற்றை அதன் வழியே இழுத்தார். எஞ்சினில் எரிந்த புகை தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகிவிடும். ஐந்து நிமிடம் நின்று பார்த்தோம். நீலம் நீலமாகவே இருந்தது. 25,000 ரூபாய் அந்தக் குழாயில் மிச்சமானது.

தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டைக் கழற்றியபோது உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கேஸ்கெட் மட்டும். யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இது நம் ஊரில் எத்தனையோ பேர் செய்யும் வேலை, "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு" என்று எடுத்துவிடுவார்கள், மூன்றாவது கை வண்டி வாங்குகிறவருக்குச் சொல்லவும் மாட்டார்கள். தயவுசெய்து இதைச் செய்ய விடாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகம் விடும், மைலேஜ் போகும், ஆயிலும் சரியான சூட்டுக்கு வராது. இன்னொன்றும் இருக்கிறது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே தண்ணீரின் குறுக்கு வழியை (இதற்கும் பைபாஸ் என்றுதான் பெயர்) அடைக்கும் வேலையையும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் வெந்நீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றும், ஹீட் குறையட்டும் என்று எடுத்ததே ஹீட்டைக் கூட்டிவிடும்.

ரேடியேட்டரை இறக்கிக் கவிழ்த்தபோது வந்த தண்ணீர் டீ டிகாஷன் நிறம், அதோடு வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு, கையில் எடுத்து நசுக்கினால் சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. லாரியில் வரும் பழைய செம்பு ரேடியேட்டர் என்றால் தொட்டியை உருக்கிப் பிரித்து, குழாய் ஒவ்வொன்றிலும் தகட்டுக் கம்பி விட்டு இழுத்து, மறுபடி ஈயம் பற்றவைத்துக் கொடுத்துவிடுவாராம். காரில் இருப்பது அலுமினியம், தொட்டி பிளாஸ்டிக், அப்படிப் பிரிக்க வழியில்லை. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா என்று நானே கேட்டேன், வேண்டாம், ஓட்டை விழுந்துவிடும் என்று மறுத்துவிட்டார். புதுசு 4,800, தெர்மோஸ்டாட் 650, மூடி 180, கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 8,000-க்குள் முடிந்தது. பழைய மூடியின் ஸ்பிரிங்கை விரலால் அழுத்தினாலே இறங்கியது. மூடியை யாரும் மதிப்பதில்லை, அதில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருப்பது அது பிடித்துவைக்கும் அழுத்தம். அந்த அழுத்தம் இருப்பதால்தான் 105-லும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது, அதே காரணத்தால்தான் சூட்டில் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கிறது.

கூலன்ட் ஊற்றிய பிறகு காற்று எடுப்பதில் ஸ்கேனர் மறுபடி கைகொடுத்தது. மூடி திறந்த நிலையில், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டோம். எண் 84-லிருந்து ஒரே தாவாக 97, உடனே 86. தண்ணீர் இப்படித் தாவாது, சென்சார் பக்கம் காற்றுக் குமிழி போகிறது என்று அர்த்தம். ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை விட்டு, குறைந்த அளவை ஊற்றி மூடினோம், அப்புறம் கோடு சீரானது.

இப்போது காலையில் ஒன்பது நிமிடத்தில் 82, பைபாஸில் 86 முதல் 90. சிக்னலில் 96-ல் ஃபேன் ஓடி ஒன்றரை நிமிடத்தில் 91. போன வாரம் நாலு பேர், ஏசியோடு, ஏற்காட்டின் 20 வளைவும் நிறுத்தாமல் ஏறினேன், அதிகபட்சம் 97. மைலேஜ் 14-லிருந்து 15.5.

இத்தனை புகழ்ந்தாலும் இந்தச் சாதனத்தை எந்த இடத்தில் நம்பக் கூடாது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். என் மச்சான் வண்டியில் நடந்தது இது. ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போய்விட்டது, முள் ஏறிக்கொண்டே போனது, பிறகு கடகடவென்று இறங்கிவிட்டது. அப்பாடா என்று இன்னும் நாலு கிலோமீட்டர் ஓட்டினார். எஞ்சின் சுற்ற முடியாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. சென்சார் தண்ணீரில் முழுகியிருந்தால்தான் சரியாகச் சொல்லும், தண்ணீர் போன பிறகு அது காற்றில் தொங்குகிறது, உள்ளே உலோகம் வெந்துகொண்டிருக்கும்போது எண் குறைவாக வரலாம். ஸ்கேனரும் அதே சென்சாரைத்தான் படிக்கிறது, ஆகவே அதுவும் அதே பொய்யைத்தான் சொல்லும். உயரத்தில் இருந்த எண் காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால் உடனே வண்டியை நிறுத்துங்கள், ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம். ரிசர்வ் டப்பாவில் அளவு இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை, வண்டி ஆறியிருக்கும்போது, கண்ணால் பார்ப்பதை இது மாற்றாது.

மற்ற குறைகள் சின்னவை. ஒரு மணி நேரப் பயணத்தில் இரண்டு தடவையாவது இணைப்பு அறுந்து மறுபடி சேரும். ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் எட்டிப் பார்க்காது. ஃபேனைக் கட்டளை கொடுத்து ஓடவைத்துச் சோதிக்க முடியாது, அதற்கு ஒர்க்ஷாப்பில் இருக்கும் பெரிய ஸ்கேனர் வேண்டும். ஆனால் ஏசியைப் போட்டுப் பார்ப்பது கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்துவிடும், ஏனென்றால் பெரும்பாலான கார்களில் ஏசி போட்டாலே ஃபேன் சேர்ந்து ஓடும். நிற்கும்போது ஏறிக்கொண்டிருக்கும் எண் ஏசி போட்டதும் இறங்கினால், ஃபேன் மோட்டார் நன்றாக இருக்கிறது, அதை ஓடச் சொல்லும் பக்கத்தில்தான் பெரும்பாலும் கோளாறு.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். விற்பவரிடம் வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆறிய எஞ்சினிலிருந்து பதினைந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, கடைசியில் ஏசி போட்டு நிறுத்தி, ஃபேன் எண்ணை இறக்குகிறதா என்று பாருங்கள். பிழைக் குறியீடு இல்லை என்று மட்டும் வந்தால் போதாது, அழித்துவிட்டுக் காட்ட ஒரு பொத்தான்தான். சோதனை நிலைகள் என்று ஆப்பில் ஒரு பக்கம் இருக்கும், அதில் பாதிக்கு மேல் "முடியவில்லை" என்று இருந்தால் அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ராத்திரி மறக்காமல் கழற்றிவிடுங்கள், அந்த சாக்கெட்டில் சாவி இல்லாவிட்டாலும் பேட்டரி கரண்ட் வந்துகொண்டே இருக்கும். நான் ஒரு தடவை ஊருக்குப் போய்விட்டு ஒன்பது நாள் கழித்து வந்தபோது வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்தேன். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன், குறைத்த ஒன்று அடிக்கடி அறுந்துபோகும் அந்த இணைப்புக்காக.